பலகையின் மூன்றாவது வரி

போன செவ்வாய்க்கிழமை மதியம் காருக்கு அடியில் படுத்து சைலன்சர் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. எண்ணெய்க் கையோடு எடுக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோதுதான் ஊர்ந்து வெளியே வந்து எடுத்தேன். ஏற்காடு ஒண்டிக்கடையில் ஜீப் மெக்கானிக்காக இருக்கும் பெரியசாமி. தாமதமாக எடுத்தால் முதலில் திட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று திட்டவில்லை.

"ரைட்டருங்க, ராஜாமணியம்மா போயிட்டாங்க. சேலத்து ஆஸ்பத்திரியில. காலையில நெஞ்சு வலின்னு தங்கச்சி மக செல்விதான் கூட்டிக்கிட்டுப் போச்சு. கடைசி வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தாங்களாம்."

"என்ன பேசுனாங்களாம்?" என்று கேட்டேன்.

"கட்டிலு ஆடுதுன்னாங்களாம். ஒரு காலு வெல்டிங்கு உட்டுப்போயிருக்குது, படுத்துக்கிட்டே பாக்கறேன் கண்ணுன்னு செல்விகிட்டச் சொன்னாங்களாம்."

சிரிப்பு வந்துவிட்டது. பெரியசாமியும் அந்தப் பக்கம் சிரித்தார். பிறகு இரண்டு பேருமே போனை வைத்தோம்.

ராஜாமணியம்மா யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருடைய வீட்டு கேட் அவர் கையால் ஆனது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கொண்டையில் கனகாம்பரம், நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. ஒண்டிக்கடையிலிருந்து இறங்கும் சரிவில் அவருடைய வெல்டிங் ஷெட்டைத் தாண்டி எல்லோரும் நடந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஷெட்டின் பெயர்ப்பலகையில் மூன்றாவது வரி எப்படி வந்தது, எப்படி நிலைத்தது என்பது எனக்கும் பெரியசாமிக்கும்தான் முழுதாகத் தெரியும். பெரியசாமி எழுதமாட்டார். அவருக்கு அதில் கௌரவப் பிரச்சினை இருக்கிறது. ஆகவே நான் எழுதுகிறேன்.

முப்பது வருடம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். அங்கே காப்பிப் பழம் அரைக்கும் ஷெட்டின் மூலையில், கோணிச் சாக்குக் குவியலுக்குக் கீழே, பழைய முதலாளியின் அப்பா கடல் கடந்து வரவழைத்த ஒரு கார் கிடந்தது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, தாழ்வான உடம்பு, நீண்ட மூக்கு, சிவப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரே ஒரு முறை அது ஓடிப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் எஸ்டேட் பொருள் பட்டியலில் "கார் ஒன்று, ஓடாது" என்று எழுதுவேன். எழுதும்போதெல்லாம் போய் ஒரு முறை சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவேன். எஸ்டேட் கைமாறியது. புது முதலாளி, "உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கங்க, இல்லாட்டி இந்த மாசத்துக்குள்ள பழைய இரும்புக்குப் போயிரும்" என்றார். எடுத்துக்கொண்டேன். என் மனைவி சரோஜா, "அதைக் கொண்டாந்து ஊட்டுக்கு முன்னால நிறுத்துனீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள். அதனால் மெக்கானிக் தேடிப் போனேன்.

பெரியசாமி காரைச் சுற்றி வந்தார். அடியில் குனிந்து ஸ்குரூ டிரைவரால் குத்தினார். அது நேராக உள்ளே போய் மறுபக்கம் வந்தது. பழம் அரைத்த புளித்த தண்ணீர் முப்பது வருடம் ஓடிய இடம் அது. அடிச்சட்டம், அதாவது சேசிஸ், மொத்தமும் தின்றுபோயிருந்தது. இன்ஜின் இறுகிப்போயிருந்தது. மேலே இருந்த உடம்பு மட்டும் அலுமினியத் தகடு என்பதால் அப்படியே இருந்தது. "இது காரு இல்லீங்க, சட்டை. உள்ளாற ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். வேறு இரண்டு மெக்கானிக்குகளும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

கடைசியில் காரை நிறுத்தி வைக்க ஒரு மூலையாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் ராஜாமணியம்மாவிடம் போனேன். அவர் பெரியசாமி மாதிரி அடியில் குனியவில்லை. மூக்கைத் தடவிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். தகடு எங்கே மடிகிறது, எங்கே வளைகிறது என்று விரலால் பின்தொடர்ந்துகொண்டே ஒரு சுற்று வந்தார்.

"ஏனுங்க ரைட்டரு, இதுக்குக் கீழ வேற வண்டியோட சேசிஸ வெச்சா ஆகாதுங்களா?"

"நீங்க வண்டி வேலையெல்லாம் செய்வீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் உள்ளே போய் ஒரு பெயின்ட் டப்பாவும் பிரஷும் எடுத்து வந்தார். பலகையில் "ராஜாமணி வெல்டிங் ஒர்க்ஸ்" என்று ஒரு வரியும், "கேட், கிரில், ஜன்னல்" என்று இன்னொரு வரியும் இருந்தன. முக்காலியில் ஏறி, கீழே மூன்றாவதாக எழுதினார். வண்டி வேலையும் செய்யப்படும்.

"இப்பச் செய்வேனுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே ஒண்டிக்கடை முழுக்க இதுதான் பேச்சு. பெரியசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "கேட்டு பத்த வெக்கற கையில சேசிஸ் பத்த வெச்சா, மலையேறறப்ப வண்டி பத்தாவது வளைவுல ரெண்டா நிக்கும். கேட்டு உளுந்தா நாய்தான் உள்ளாற வரும். சேசிஸ் உட்டுப்போனா ஆளு போயிருவான். அந்த வரிய அழிக்கச் சொல்லுங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் ராஜாமணியம்மாவை அடுத்த பதினான்கு மாதம் தூங்கவிடாமல் செய்தது என்று நினைக்கிறேன். அவருக்கு அந்தக் காரைவிட அந்த வரி முக்கியமாகிவிட்டது.

முன்பக்கம் நொறுங்கிய ஒரு சின்ன பிக்கப் வண்டி குப்பனூரில் கிடந்தது. சேசிஸ் வளையாமல் இருந்தது, இன்ஜின் ஓடியது, ஐந்து கியர், முன்னால் டிஸ்க் பிரேக். அதை வாங்கினோம். நீளத்தில் அது காரைவிட ஒரு முழம் அதிகம். நடுவில் வெட்டிக் குறைத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். பெரியசாமி பயந்த இடம் அதுதான். ராஜாமணியம்மா நேராக வெட்டவில்லை. இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டினார். உள்ளே ஒரு இரும்புப் பட்டையைச் செருகி, வெளியே இன்னொரு பட்டையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டு ஆறவிட்டுப் பத்தவைத்தார். முடித்ததும் அதை இரண்டு கல்லின் மேல் தூக்கி வைத்து, இருபது மணல் மூட்டையை நடுவில் அடுக்கி, அடியில் ஒரு நூல் கட்டினார். சட்டம் தொய்ந்தால் நூலில் தட்டும்.

"எத்தனை நாளைக்குங்க?" என்றேன்.

"அவரு திருப்தியாகற வரைக்கும் இருக்கட்டுமுங்க" என்றார். அவர் என்றால் பெரியசாமி. ஏனென்றால் பெரியசாமி தினமும் காலையில் அந்த வழியாக யதேச்சையாகப் போவது போல வந்து, யதேச்சையாகக் குனிந்து, நூலைப் பார்த்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் அவரே, "மூட்டைய இறக்குங்கம்மா, பாக்கச் சங்கடமா இருக்குது" என்றார்.

அந்த வேலையில் நான் கண்ட அழகு, தகட்டின் மேல் அவருக்கு இருந்த மரியாதை. பிக்கப் இன்ஜின் உயரம். பானெட் மூடவில்லை. பானெட்டில் ஒரு ஓட்டை வெட்டி இன்ஜினை வெளியே எட்டிப் பார்க்க விடலாம் என்றேன். "அந்தத் தகரத்த வெட்ட எனக்குக் கை வராதுங்க. யாரோ நொம்பப் பொறுமையாத் தட்டிருக்காங்க" என்றார். இன்ஜின் உட்காரும் இடத்தை வெட்டித் தாழ்த்தி, பின்னால் தள்ளி, மூன்று முறை கழற்றி மாட்டினார். நான்காவது முறை பானெட் ஒரு விரல் இடைவெளியில் மூடியது. உள்ளே செல்லரித்த மரச்சட்டத்துக்குப் பதில் சதுரக் குழாயில் கூடு கட்டினார். அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று, தொடும் இடமெல்லாம் லாரி டியூப்பை வெட்டி ரப்பர் பட்டை கொடுத்தார். பதினான்கு வருடம் ஆயிற்று. ஒரு புள்ளி கூட அரிக்கவில்லை.

இனி அந்தத் தவறு. இதை நான் மறைக்கப் போவதில்லை. அவரே மறைக்கவில்லை.

அவர் ஷெட் சரிவில் இருக்கிறது. ஏற்காட்டில் எந்த ஷெட்தான் சரிவில் இல்லை? பின்பக்கச் சுவரை நோக்கித் தரை ஏறும். அந்தத் தரையில் சேசிஸ் நான்கு சக்கரத்தில் மூக்கை மேலே தூக்கி நின்றது. அதன் மேல் காரின் உடம்பைத் தூக்கி வைத்தோம். ராஜாமணியம்மா தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டியூப்பை எடுத்து வந்தார், கொத்தனார் மட்டம் பார்ப்பது. ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். பின்பக்கம் தாழ்ந்திருந்தது. நான்கு விரல் தடிமனில் இரண்டு இரும்புக் கட்டை செய்து பின்பக்கம் முட்டுக் கொடுத்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது. "சரிங்க" என்றேன். பெரியசாமியும் அன்று வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "மட்டமாத்தான் இருக்குது" என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார். சிவப்பு அடித்தோம். ஷெட் வாசலில் நிறுத்தினால் அப்படி ஒரு அழகு.

பிக்கப்பின் பதிவுப் புத்தகத்தில் இந்த மாற்றம் ஏறுவதற்காக வண்டியைச் சேலம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்ட வேண்டியிருந்தது. லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனோம். பெரியசாமி சாமான் வாங்க வேண்டும் என்று தன் ஜீப்பில் கூடவே வந்தார். அது வெறும் சாக்குப்போக்கு. அடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கின் சிமென்ட் தரையில் காரை இறக்கினோம். சமதரை. நாங்கள் மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம்.

கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றது.

பெரியசாமிதான் முதலில் புரிந்துகொண்டார். ஜீப் மட்கார்டில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கேட்டைச் சரிவான சாலையில் நிறுத்தினாலும் வானத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். சாலை எப்படிப் போனால் கேட்டுக்கு என்ன? ஆனால் காருக்குச் சாலைதான் கணக்கு. உடம்பு சேசிஸுக்கு ஒத்துப்போக வேண்டும், உலகத்துக்கு இல்லை. மலையில் எங்கே நிறுத்தினாலும் ஏதோ ஒரு சரிவு இருந்ததால் எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

ராஜாமணியம்மா காரைச் சுற்றி ஒரு நடை வந்தார். முகம் சிவந்திருந்தது. அழுதுவிடுவார் என்று பயந்தேன்.

"இருவது வருசமாக் கேட்டு போட்ட புத்திங்க, போகுமா?" என்றார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே சேலையை இடுப்பில் செருகி, காருக்கு அடியில் போய்விட்டார்.

சிரித்து முடித்த பெரியசாமி இப்போது கறாராகப் பேசினார். "அம்மா, லாரிய அனுப்பிராதீங்க. இது ஏறறப்பவும் லாரியிலதான் ஏறும். அப்படி ஏறுச்சுன்னா அந்த மூணாவது வரிய நீங்களே அழிச்சுப்போடணும்."

காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "செரிங்க. லாரி இல்லாம ஏறிப்போச்சுன்னா?"

"ஏறிப்போச்சுன்னா எங்கிட்ட வர்ற சேசிஸ் வேலையெல்லாம் உங்க ஷெட்டுக்கு அனுப்பறேன்."

"அப்பறம் என்னுங்க, லாரிய அனுப்பிச்சுப்போடுங்க ரைட்டருங்க" என்றார். அனுப்பினேன்.

அன்று முழுக்க வெயிலில் அந்த சிமென்ட் தரையில் வேலை நடந்தது. இரண்டு இரும்புக் கட்டையையும் உருவி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, போல்ட் துளைகளைத் திரும்பப் போட்டார். கடைசிப் போல்ட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்ததும் கார் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றது. உருவிய கட்டைகளை என் கையில் கொடுத்தார். "வெச்சுக்குங்க ரைட்டருங்க. என்னைக்காச்சும் நான் பெரிய மெக்கானிக்குன்னு பேசுனா எடுத்துக் காட்டுங்க" என்றார். மறுநாள் அலுவலகத்தில் காட்டினோம். புத்தகத்தில் ஏறியது.

அதற்கு அடுத்த நாள் காலை, அடிவாரம். பெரியசாமி கொஞ்சம் இளகி, ஆள் நடமாட்டமில்லாத குப்பனூர் ரோட்டில் வேண்டுமானால் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். "எல்லாரும் பாக்கற ரோட்டுலயே போவோமுங்க. நீங்களே பக்கத்துல உக்காருங்க, அப்பத்தான் நடுவுல நிறுத்துனேனா இல்லையான்னு சந்தேகம் வராது" என்றார் ராஜாமணியம்மா. இரண்டு பேர் கார். அவர் ஓட்ட, பெரியசாமி முழங்காலை மடக்கி முகவாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கார் என்னுடையது. நான் பெரியசாமியின் ஜீப்பை ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். இதில் இருந்த அநியாயம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் காட்சியை என்ன சொல்ல? முதல் வளைவில் வேகம் குறைத்து, உடம்பு கொஞ்சமும் ஆடாமல் திரும்பி, மேலே பாய்ந்தது. மூன்றாவது வளைவில் ஒரு சுற்றுலா வேனைத் தாண்டியது. வேனில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கனகாம்பரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து என் ஜீப் கண்ணாடியில் வந்து விழுந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாக நிற்கவில்லை. ஒன்றாகத்தான் போனது. நான் தனியாக ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, அறுபதை நெருங்கியவன், ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் கத்தினேன். முப்பது வருடம் "ஓடாது" என்று எழுதிய கை அது.

பதினான்காவது வளைவில் ஜீப்பின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் குழாய் பிய்ந்திருந்தது. ஏற்கெனவே கசிந்த குழாயைப் பெரியசாமியே ரப்பர் துண்டால் கட்டி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். ஊரில் உள்ள ஜீப்பையெல்லாம் பார்ப்பவருக்குத் தன் ஜீப்பைப் பார்க்க நேரமில்லை. சிவப்புக் கார் அடுத்த வளைவில் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மேலே மேலே போய், அதுவும் நின்றது.

ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நான் காத்திருந்த கார். அது ஒண்டிக்கடைக்குள் நுழைவதை டீக்கடைக்காரர் பார்ப்பார், பழக்கடைக்காரர் பார்ப்பார், நேற்று வந்த சுற்றுலாக்காரர்கள் பார்ப்பார்கள், நான் மட்டும் பார்க்கமாட்டேன். ஒரு பஸ் போனது. கைகாட்டக் கூடத் தோன்றவில்லை.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். மேலேயிருந்து ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. சிவப்புக் கார் இறங்கி வந்தது. ராஜாமணியம்மா ஓட்டி வந்தார். பக்கத்தில் பெரியசாமி, மடியில் தண்ணீர் கேன், கையில் புதுக் குழாய். மேலே நடந்ததை டீக்கடைக்காரர்தான் பிறகு சொன்னார். கார் ஒண்டிக்கடையில் வந்து நின்றதும் கூட்டம் சூழ்ந்துகொண்டதாம். யாரோ மாலை கூடக் கொண்டு வந்தார்களாம். அவர் காரை விட்டு இறங்கவே இல்லையாம். திரும்பிப் பார்த்து, "ரைட்டரு எங்கீங்க?" என்று மட்டும் கேட்டாராம். இன்ஜினை நிறுத்தாமல், பெரியசாமி தான் கட்டி வைத்த குழாயைப் பற்றிச் சொன்னதும் அவரைப் புதுசு வாங்கி வரச் சொல்லி, காரைத் திருப்பிவிட்டாராம்.

பெரியசாமி இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க கார்ல போங்க ரைட்டருங்க. என் வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். ராஜாமணியம்மா கியர் போட்டார். "அழுவாதீங்க, காத்துல கண்ணு எரியும்" என்றார். மீதி ஆறு வளைவும் ஏறி ஒண்டிக்கடைக்குள் நுழைந்தபோது கூட்டம் கலையாமல் நின்றது. அப்போதுதான் அவர் இறங்கினார். மாலையைக் காருக்குப் போடச் சொன்னார். சரோஜா கூட்டத்தில் நின்றிருந்தாள். "ஊட்டுக்கு முன்னாலயே நிறுத்திக்குங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஜீப் வந்தது. பெரியசாமி நேராக ராஜாமணி வெல்டிங் ஒர்க்ஸுக்கு நடந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, பலகையின் மூன்றாவது வரியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். அன்றிலிருந்து மலையில் சேசிஸ் விரிசல் விட்ட ஜீப் எல்லாம் அந்த ஷெட்டுக்குத்தான் போனது.

புதன்கிழமை அவரை எடுக்கும்போது எத்தனை ஜீப் வந்திருந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். மாரமங்கலத்திலிருந்து வந்த ஒரு டிரைவர், வாசலில் அழுதுகொண்டே குனிந்து தன் வண்டிக்கு அடியில் கைகாட்டினார். "இது அம்மா போட்ட ஒட்டுங்க. மத்த எடம் உடும், இது உடாது." பக்கத்தில் நின்றவரும் குனிந்து தன் வண்டியைக் காட்டினார். இழவு வீட்டில் ஏழெட்டுப் பேர் வண்டிக்கு அடியில் குனிந்து நின்றதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஷெட் மூடப்படாது. அவருடைய தங்கை மகள் செல்வி நான்கு வருடமாக அங்கேதான் வேலை செய்கிறாள். மூன்றாம் நாள் போனபோது பெரியசாமி முக்காலியில் ஏறி, பெயின்ட் டப்பாவோடு நின்றிருந்தார். மழையில் மங்கியிருந்த மூன்றாவது வரியை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருந்தார். மேல் இரண்டு வரியும் மங்கலாகத்தானே இருக்கின்றன என்றேன். "அதையெல்லாம் செல்வி எழுதிக்கும். இது என் வேலை" என்றார்.

அந்த இரண்டு இரும்புக் கட்டைகளும் என் மேசை மேல் இருக்கின்றன. எடுத்துக் காட்ட ஒரு நாளும் அவர் வாய்ப்புத் தரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவைதான் என்று நினைத்திருந்தேன். நேற்றுக் காலை காரை எடுத்துக்கொண்டு அடிவாரம் வரை இறங்கித் திரும்ப ஏறினேன். பதினான்காவது வளைவில் ஓரமாக நிறுத்தி, பழைய கல்லில் போய் உட்கார்ந்தேன். ஜெயித்த அன்று, ஊரே நின்று பார்க்க, மாலைக்குக் கழுத்தை நீட்டாமல் ஒருவர் எனக்காகத் திரும்பி வந்த இடம் அது. நான் வைத்துக்கொள்வது அந்த ஹாரன் சத்தத்தைத்தான். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு காரில் ஏறி சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உடனே பிடித்தது. மீதி ஆறு வளைவும் ஹாரனை அடித்துக்கொண்டே ஏறினேன்.